ஒரே படத்துக்கு ஏன் மூன்று நீளம்? திரைப்பட ஆய்வுக்கு நூலகத்தைப் பயன்படுத்தும் முறை

பழைய படம் ஒன்றைப் பற்றித் தேடுகிறீர்கள். ஓர் இணையதளம் அதன் நீளம் 100 நிமிடம் என்கிறது. இன்னொன்று 96 என்கிறது. படம் வந்த காலத்துப் பத்திரிகை விமர்சனத்தில் 108 நிமிடம் என்று அச்சாகியிருக்கிறது. ஆண்டும் ஓரிடத்தில் 1938, வேறோர் இடத்தில் 1939. இவற்றில் எது சரி என்று குழம்புவது இயல்பு. மூன்று நீளமும் சரியாக இருக்கலாம், இரண்டு ஆண்டுகளும் சரியாக இருக்கலாம். ஒவ்வோர் எண்ணும் வேறொரு பிரதியிலிருந்தோ வேறொரு தாளிலிருந்தோ எடுக்கப்பட்டது, அவ்வளவுதான்.

இணையத்தில் பெரும்பாலும் எண் மட்டும் கிடைக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லும் தாள் நூலகத்தில் இருக்கிறது. திரைப்பட ஆய்வுக்கு நூலகம் தேவைப்படுவதற்கு முதல் காரணம் இதுதான். அந்தத் தாளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சினிமா ஒரே அலமாரியில் இல்லை

நூலக வகைப்பாடு நூல்களைத் துறைவாரியாகப் பிரிக்கிறது. ஆகவே சினிமாவைக் கலையாகப் பார்க்கும் நூலும், தொழிலாகப் பார்க்கும் நூலும், சமூக நிகழ்வாகப் பார்க்கும் நூலும் வெவ்வேறு மாடிகளில்கூட இருக்கலாம். ஒவ்வொரு துறைக்கும் ஓர் எண் கொடுக்கும் டூயி தசம வகைப்பாட்டைப் பின்பற்றும் நூலகத்தில் 791.43 என்ற எண்ணோடு நின்றுவிடுபவருக்குப் பாதி நூல்கள் கண்ணில் படாமலே போகும். பார்க்க வேண்டிய எண்கள் இவை:

1. 791.43: திரைப்பட வரலாறு, விமர்சனம், இயக்குநர்கள். ஒரு குறிப்பிட்ட படத்தின் திரைக்கதையோ அதைப் பற்றிய ஆய்வோ 791.4372இல் இருக்கும்.
2. 777: ஒளிப்பதிவு. 2011இல் வந்த 23ஆம் பதிப்பில்தான் ஒளிப்பதிவு இந்த எண்ணுக்கு மாறியது. அதற்கு முன் அது 778.5. எண் மாறியதற்காகப் பழைய நூல்களின் முதுகில் ஒட்டிய சீட்டை எல்லா நூலகங்களும் மாற்றுவதில்லை. ஆகவே இரண்டு இடங்களையும் பார்க்க வேண்டும்.
3. 781.542: திரையிசை.
4. 384.8: திரைப்படத் தொழிலும் வணிகமும்.
5. 302.2343: வெகுஜன ஊடகமாகச் சினிமா.
6. 363.31: தணிக்கை.
7. 808.23: திரைக்கதை எழுதும் கலை.

வாழ்க்கை வரலாறுகளைத் தனி அலமாரியில், அதில் பேசப்படும் மனிதரின் பெயர் வரிசையில் அடுக்கும் நூலகங்களும் உண்டு. அங்கே ஒரு நடிகரின் வரலாறு சினிமாப் பகுதிக்குப் பக்கத்திலேயே இருக்காது.

பல்கலைக்கழக நூலகங்களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலக வகைப்பாடு அதிகம். அதில் எழுத்தும் எண்ணும் சேர்ந்து அலமாரி இடத்தைக் காட்டும். பி.என். (PN) 1993 முதல் 1999 வரை திரைப்படம்; இவை ஆண்டுகள் அல்ல. தனிப்பட்ட படங்கள் பி.என். 1997இலும், 2001ஆம் ஆண்டு முதல் வந்த படங்கள் பி.என். 1997.2இலும், தனிப்பட்ட இயக்குநர்கள் பி.என். 1998.3இலும் இருப்பார்கள். ஒளிப்பதிவு டி.ஆர். 845 முதல் 899 வரை. திரையிசைக்கு எம்.எல். 2075.

பட்டியலில் எந்தச் சொல்லைத் தட்டுவது

நூலகப் பட்டியல் தேடுபொறி போல நம் மனதை ஊகிக்க முயல்வதில்லை. நூலை வகைப்படுத்தியவர் அதற்கு ஒரு பொருள் தலைப்பைக் கொடுத்திருப்பார். அந்தச் சொல் தெரிந்தால் வாசல் திறக்கும். ஆங்கிலத் தலைப்புகளைப் பயன்படுத்தும் நூலகங்களில் பொதுத் தலைப்பு 'மோஷன் பிக்சர்ஸ்' என்பதுதான். 'சினிமா' என்றோ 'ஃபிலிம்' என்றோ தட்டினால் அந்தச் சொல் நூலின் பெயரில் இருந்தால்தான் வரும். திரைக்கதைகளுக்கு 'ஸ்கிரீன்ப்ளே' என்று தேடுவார்கள். தலைப்போ நெடுங்காலமாக 'மோஷன் பிக்சர் ப்ளேஸ்'. திரையிசைக்கு 'மோஷன் பிக்சர் மியூசிக்'.

அடிக்கடி நேரும் தவறுகள்:

1. இயக்குநரின் பெயரை 'ஆசிரியர்' கட்டத்தில் போடுவது. அவர் எழுதியவையும் உருவாக்கியவையும்தான் அதில் வரும். அவரைப் பற்றிப் பிறர் எழுதியவை வேண்டுமென்றால் பெயரைப் 'பொருள்' கட்டத்தில் போட வேண்டும்.
2. படப்பெயரின் தொடக்கத்தில் வரும் 'தி', 'எ' போன்ற சுட்டுச் சொற்களையும் சேர்த்து அகர வரிசையில் தேடுவது. பட்டியல்கள் அவற்றை விட்டுவிட்டு அடுத்த சொல்லிலிருந்துதான் வரிசைப்படுத்துகின்றன. பிரெஞ்சு, ஜெர்மன் சுட்டுச் சொற்களுக்கும் இதுவே வழக்கம்.
3. ஒரே பெயரில் நாவலும் படமும் இருக்கும்போது இரண்டையும் கலந்துவிடுவது. படத்தைப் பற்றிய பொருள் தலைப்பில் பெயருக்குப் பின் 'மோஷன் பிக்சர்' என்ற அடைப்புக் குறிப்பு வரும். ஒரே பெயரில் பல படங்கள் இருந்தால் ஆண்டும் சேரும்.
4. பிறமொழிப் பெயர்களை ஒரே எழுத்துக்கூட்டில் மட்டும் தேடுவது. ரஷ்ய இயக்குநரின் பெயர் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு விதமாகவும், பிரெஞ்சு நூலில் இன்னொரு விதமாகவும், நூலகத்தின் முறையான ஒலிபெயர்ப்பில் மூன்றாவது விதமாகவும் இருக்கும். நூலகங்கள் பராமரிக்கும் பெயர் அதிகாரக் கோப்பு இந்த வடிவங்கள் எல்லாவற்றையும் ஒரே பதிவில் கட்டிவைத்திருக்கிறது. அதை முதலில் பார்த்து, எல்லா வடிவங்களையும் குறித்துக்கொண்ட பிறகு தேடலில் இறங்குவது நல்லது.

பொருத்தமான நூல் ஒன்று கிடைத்ததும் அதன் பட்டியல் பதிவைத் திறந்து, கொடுக்கப்பட்டிருக்கும் பொருள் தலைப்புகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள். தலைப்புகளை ஊகிப்பதைவிட இது வேகமான வழி.

படம் கடந்த ஒவ்வொரு கட்டமும் ஒரு தாளை விட்டுச்செல்கிறது

நூல்கள் பிறர் செய்த ஆய்வு. அதைத் தாண்டிச் செல்ல வேண்டுமென்றால் படம் உருவான காலத்துத் தாள்களைத் தேட வேண்டும். பல படங்களுக்கு அந்தத் தாள்களைத் தவிர வேறெதுவும் மிஞ்சவில்லை என்பதும் இங்கே முக்கியம். அமெரிக்காவில் தயாரான மௌன முழுநீளப் படங்கள் சுமார் 10,900. அவற்றில் முதலில் வெளியான வடிவத்தில் முழுமையாக எஞ்சியிருப்பவை 14 சதவீதம் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது.

கேள்வி எதுவோ அதற்கேற்ற தாளைத் தேட வேண்டும்.

1. *திரைக்கதை.* இந்த ஒரு சொல் குறைந்தது மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறது. படப்பிடிப்புக்கு முன் எழுதப்பட்டது, படமாக்க நினைத்ததைச் சொல்லும். படப்பிடிப்பின்போது திருத்தப்பட்ட பிரதியில், ஹாலிவுட் வழக்கப்படி திருத்திய பக்கங்கள் வேறு நிறத் தாளில் இருக்கும்: முதல் திருத்தம் நீலம், அடுத்தது இளஞ்சிவப்பு, பிறகு மஞ்சள், பச்சை என்று போகும். படத்தொகுப்பு முடிந்த பிறகு திரையில் உள்ளதைப் பார்த்து எழுதிய உரையாடல் பட்டியல் மூன்றாவது. திரையில் ஒலித்த வசனம் எது என்ற கேள்விக்கு மூன்றாவதுதான் சாட்சி. ஒரு காட்சி எப்போது நீக்கப்பட்டது என்று அறிய முதல் இரண்டும் வேண்டும். அச்சு நூலாக வந்த திரைக்கதை இவற்றில் எந்த வகை என்பதை அதன் முன்னுரையில் தேடுங்கள். அங்கே எதுவும் சொல்லாத பதிப்பை மேற்கோளுக்கு நம்ப வேண்டாம்.

2. *தணிக்கைக் கோப்பு.* ஆய்வாளர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் புதையல் இது. படத்தை அனுமதிக்க வேண்டிய அலுவலகம் வசனப் பிரதி, நீளம், வெட்டச் சொன்ன பகுதி ஆகியவற்றை எழுத்தில் வைத்திருக்கும். நியூயார்க் மாநிலத்தின் தணிக்கைப் பிரிவு 1921 முதல் 1965 வரை இயங்கியது. அதற்குச் சமர்ப்பிக்கப்பட்ட 53,000க்கும் மேற்பட்ட திரைக்கதைகள் அம்மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜெர்மனியில் 1920ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்துக்குப் பிறகு வழங்கப்பட்ட தணிக்கை அட்டைகளில் படத்தின் நீளம் மீட்டரிலும், இடையெழுத்துகள் (மௌனப் படத்தில் காட்சிகளுக்கு நடுவே திரையில் வரும் எழுத்துகள்) வரிசையாகவும் இருக்கும். ஹாலிவுட் தனக்குத்தானே விதித்துக்கொண்டு 1934 முதல் 1968 வரை நடைமுறைப்படுத்திய தயாரிப்பு விதிமுறையின் கோப்புகள் ஆஸ்கர் விருது வழங்கும் அகாடமியின் மார்கரெட் ஹெரிக் நூலகத்தில் கிடைக்கும். எந்த வரிக்கு எதிர்ப்பு வந்தது, தயாரிப்பாளர் என்ன பதில் எழுதினார் என்பதெல்லாம் கடிதம் கடிதமாக அங்கே இருக்கிறது.

3. *காப்புரிமைப் பதிவு.* அமெரிக்கச் சட்டத்தில் 1912 வரை திரைப்படத்துக்கென்று தனி வகை கிடையாது. அதனால் தயாரிப்பாளர்கள் படச்சுருளைப் புகைப்படத் தாளில் அச்செடுத்து, புகைப்படங்களாகப் பதிந்தார்கள். மூலச் சுருள்கள் அழிந்த பிறகு இந்தத் தாள் சுருள்களிலிருந்தே அக்காலப் படங்கள் பல மீட்கப்பட்டன. 1912க்குப் பின் வந்த பதிவுகளோடு கதைச் சுருக்கமோ விளம்பரக் கையேடோ இணைந்திருப்பது உண்டு. இந்தப் பதிவுகளின் தொகுப்புப் பட்டியல்கள் (1894–1912, 1912–1939, பிறகு பத்தாண்டுக்கு ஒன்று) மின்வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1964க்கு முன் அங்கே வெளியான படத்துக்கு 28ஆம் ஆண்டில் காப்புரிமையைப் புதுப்பித்திருக்க வேண்டும். ஆகவே முதல் பதிவோடு புதுப்பித்தல் பதிவையும் தேட வேண்டும்.

4. *விளம்பரக் கையேடு.* விநியோகஸ்தர் திரையரங்குகளுக்கு அனுப்பியது. நடிகர் பட்டியல், நீளம், சுவரொட்டி அளவுகள், பத்திரிகைகள் அப்படியே அச்சிடுவதற்கென்று எழுதப்பட்ட செய்திகள் எல்லாம் இருக்கும். நடிகர் பட்டியலுக்கு நல்ல ஆதாரம். படப்பிடிப்பில் நடந்ததாகச் சொல்லும் கதைகளுக்கு மோசமான ஆதாரம். அன்றைய செய்தித்தாளில் வந்த 'செய்தி' கையேட்டில் இருப்பதோடு சொல்லுக்குச் சொல் ஒத்துப்போனால் அவை இரண்டு சாட்சிகள் ஆகா, ஒரே சாட்சிதான்.

5. *புகைப்படம்.* ஸ்டூடியோ எடுத்த புகைப்படத்தின் கீழ் மூலையில் ஒரு தயாரிப்பு எண்ணும் அதன் பின் ஒரு வரிசை எண்ணும் இருக்கும். பெயர் தெரியாத படத்தின் புகைப்படத்தை அந்தத் தயாரிப்பு எண்ணை வைத்தே அடையாளம் காணலாம். மறு அச்சில் மூலையை வெட்டிவிடுவார்கள் என்பதால் மூல அச்சைத்தான் கேட்க வேண்டும்.

இதழ்களுக்குள் நுழைவது

படம் வெளியான காலத்து எழுத்து பெரும்பாலும் இதழ்களில் இருக்கிறது. திரைத்தொழிலுக்கென்றே வந்த இதழ்கள் ஒரு வகை: 1905இல் தொடங்கிய 'வெரைட்டி', 1907 முதல் 1927 வரை வந்த 'மூவிங் பிக்சர் வேர்ல்ட்' போன்றவை. ரசிகர் இதழ்கள் இன்னொரு வகை. விமர்சன இதழ்கள் மூன்றாவது. இவற்றில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகத்தின் 'மன்த்லி ஃபிலிம் புல்லட்டின்' (1934–1991) தனியாகச் சொல்லத்தக்கது. பிரிட்டனில் வெளியான படங்களுக்குக் கலைஞர் பட்டியல், கதைச் சுருக்கம், நீளம், விமர்சனம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொடுத்தது அது.

இதழ் மூட்டைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதில்லை. அட்டவணைகள் இருக்கின்றன:

1. உலகத் திரைப்பட ஆவணக் காப்பகங்களின் கூட்டமைப்பு (1938இல் பாரிசில் உருவானது) 1972 முதல் தொகுத்துவரும் பன்னாட்டுத் திரைப்பட இதழ் அட்டவணை. சந்தா கட்டும் நூலகங்கள் வழியே பார்க்கலாம்.
2. அல்பனியில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகம் தொகுத்த திரைப்பட எழுத்து அட்டவணை. 1976 முதல் 2001 வரையான பகுதியை இந்தியானா பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக வெளியிட்டது.
3. 1901இல் தொடங்கிய 'ரீடர்ஸ் கைடு' பொது இதழ் அட்டவணை. இதன் பழைய தொகுதிகளில் விமர்சனங்களைப் படத்தின் பெயரில் தேடினால் கிடைக்காது; 'மூவிங் பிக்சர் ப்ளேஸ்' என்ற தலைப்பின் கீழ் பார்க்க வேண்டும். காலத்துக்குக் காலம் தலைப்பு மாறியிருப்பதால், ஒவ்வொரு தொகுதியிலும் அதன் 'காண்க' குறிப்புகளைப் பின்தொடருங்கள்.
4. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஊடக வரலாற்று மின்நூலகமும் அதன் 'லான்டர்ன்' தேடுதளமும். காப்புரிமை முடிந்த திரை இதழ்களை முழு உரையாகத் தேடலாம், எதற்கும் கட்டணம் இல்லை. வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்க விரும்புகிறவர் இதிலிருந்து தொடங்கலாம்.

தொழில் இதழ்களில் வசூல் எண்ணைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை. பழைய பட்டியல்களில் பெரும்பாலும் இருப்பது திரையரங்குகள் விநியோகஸ்தருக்குத் திருப்பிக் கொடுத்த பங்கு. பார்வையாளர் கொடுத்த மொத்த டிக்கெட் பணம் அதைவிட மிக அதிகம். இன்றைய பட்டியல்கள் தருவது மொத்த வசூலை. இரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிட்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஏராளம். அவற்றின் முடிவுகள் நிற்காது.

முழு உரைத் தேடல் தவறவிடுவது

பழைய இதழ்களை மின்வடிவாக்கும்போது கணினி எழுத்துகளைத் தானே படித்து உரையாக்குகிறது. மங்கிய அச்சு, நெருங்கிய பத்தி வரிசை, அலங்கார எழுத்து ஆகிய மூன்றிலும் அது தடுமாறும். விளம்பரத்தில் பெரிய கையெழுத்துப் பாணியில் இருக்கும் படப்பெயர் தேடலில் அகப்படவே அகப்படாது. 'ஒரு குறிப்பும் இல்லை' என்று முடிவு கட்டுமுன் இவற்றைச் செய்து பாருங்கள்:

1. கதாநாயகனை விட்டுவிட்டு, அரிதான பெயர் கொண்ட துணை நடிகரைத் தேடுங்கள்.
2. படம் தயாரிப்பில் இருந்தபோது வைத்திருந்த தற்காலிகப் பெயரைத் தேடுங்கள். வெளியீட்டுக்குச் சில வாரம் முன்புவரை பெயர் மாறுவது சாதாரணம். அதற்கு முந்தைய செய்திகள் எல்லாம் பழைய பெயரில்தான் இருக்கும்.
3. வரி முடிவில் சொல் உடைந்திருக்கலாம். நீண்ட பெயரின் முதல் பாதியை மட்டும் தட்டுங்கள்.
4. வெளியான தேதி தெரிந்தால் அந்த வாரத்து இதழை நேராகத் திறந்து கண்ணால் பாருங்கள்.

செய்தித்தாள்கள் பல நூலகங்களில் மைக்ரோஃபிலிம் சுருளாகவே (பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த சுருள்) இருக்கின்றன. அவற்றில் தேடல் வசதி இல்லை, தேதிதான் வழிகாட்டி. வெளியான நாளுக்கு முந்தைய நாளிலிருந்து அடுத்த வாரக் கடைசி வரை பாருங்கள். விமர்சனத்தோடு திரையரங்க விளம்பரத்தையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை காட்சி, எந்த நேரம் என்று அதில் இருக்கும். இரண்டு காட்சிகளுக்கு இடையிலான நேரம், படம் அதைவிட நீளமாக இருந்திருக்க முடியாது என்பதைக் காட்டிவிடும்.

நீளக் கணக்கு

இப்போது முதலில் பார்த்த மூன்று எண்களுக்கு வரலாம். 108 நிமிடம் என்பது விமர்சகர்களுக்கு முன்கூட்டியே காட்டிய பிரதியாக இருக்கலாம். அதன் பிறகு வெட்டியிருப்பார்கள். 100 நிமிடம் வெளியீட்டுப் பிரதி. 96 நிமிடத்துக்கு ஒரு வெட்டும் காரணமில்லை. நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம், அதாவது சுருளில் உள்ள தனிப் படம்) ஓட வேண்டிய படத்தைப் 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறை வீடியோவில் 25 சட்டமாக ஓட்டினால் நான்கு சதவீதம் சுருங்கி 96 ஆகிவிடும். இதைத் தெரியாமல் 'நான்கு நிமிடம் வெட்டப்பட்ட பதிப்பு' என்று எழுதிவிடுகிறார்கள்.

இதனால்தான் நிமிடத்தைவிட அடியும் மீட்டரும் நம்பகமானவை. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 சட்டங்கள். நொடிக்கு 24 சட்டம் என்றால் ஒரு நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 1,000 அடி ரீல் 11 நிமிடத்துக்குச் சற்று மேல். நொடிக்கு 16 சட்டம் என்றால் நிமிடத்துக்கு 60 அடிதான், அதே ரீல் 16 நிமிடம் 40 நொடி ஓடும். 16 மி.மீ. சுருளில் அடிக்கு 40 சட்டங்கள் என்பதால் கணக்கு வேறு. எந்தச் சுருள் என்று தெரியாமல் வகுக்கக் கூடாது.

மௌனப் படங்களுக்கு நிலையான வேகம் கிடையாது. ஜெர்மன் மௌனப் படமான 'மெட்ரோபோலிஸ்' படத்தை எடுத்துக்கொள்வோம். 1927 ஜனவரியில் பெர்லினில் முதலில் காட்டியபோது அதன் நீளம் 4,189 மீட்டர். நொடிக்கு 24 சட்டமானால் அது சுமார் 153 நிமிடம், 20 சட்டமானால் 183, 16 சட்டமானால் 229. மீட்டர் கணக்கு மட்டும் மாறவில்லை. சில மாதங்களிலேயே படம் பெரிதாக வெட்டப்பட்டது. மூல வடிவம் தொலைந்தது. பின்னாளில் காட்சி வரிசையை மீட்டவர்களுக்குக் கைகொடுத்தவை தணிக்கை அட்டையும், படத்துக்காக எழுதப்பட்ட இசைப் பிரதியும். அந்த இசைப் பிரதியில் எந்த இசைக்கு எந்தக் காட்சி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் இருந்தன. 2008இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸில் நீளமான 16 மி.மீ. பிரதி கிடைத்தபோது, அதில் புதிதாக வந்த காட்சிகள் எங்கே சேர வேண்டும் என்பதை அந்தத் தாள்களே சொல்லின. படம் ஓர் அலமாரியிலும் அதற்கான சாவி இன்னொரு அலமாரியிலும் இருந்ததற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது.

ஆண்டுக் குழப்பமும் இதே வகை. படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பலகையில் ரோமன் எண்ணில் இருப்பது காப்புரிமை ஆண்டு. தணிக்கைச் சான்றிதழ் தேதி, முதல் காட்சி, பொது வெளியீடு, வேறு நாட்டில் வெளியீடு என்று ஒவ்வொன்றும் ஒரு தேதி. டிசம்பரில் பதிந்து ஜனவரியில் வெளியான படத்துக்கு இரண்டு ஆண்டுகள் ஒட்டிக்கொள்ளும். எதை எடுத்தாலும் சரி, எது என்று எழுதுங்கள்.

காப்பகத்துக்குப் போகும் முன்

காப்பகத்தில் அலமாரியைப் புரட்ட விடமாட்டார்கள். தொகுப்பின் விவரப் பட்டியலை இணையத்தில் படித்து, பெட்டி எண், கோப்பு எண்ணோடு முன்கூட்டியே கேட்க வேண்டும். பெட்டிகள் வேறு கட்டடத்தில் இருந்தால் வந்துசேர நாட்கள் ஆகும். நூலகருக்கு எழுதும்போது 'இந்த இயக்குநரைப் பற்றி என்ன இருக்கிறது?' என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். படப்பெயர், அதன் மாற்றுப் பெயர்கள், ஆண்டு, தயாரிப்பு நிறுவனம், இதுவரை எங்கெல்லாம் தேடினீர்கள், குறிப்பாக என்ன வேண்டும் ஆகியவற்றை எழுதினால், பட்டியலில் ஏறாத துணுக்குக் கோப்புகளையும் தேடிப் பார்ப்பார்கள். சினிமா நூலகங்களில் படப்பெயர் வாரியாக வைத்திருக்கும் இந்தக் கத்தரிப்புக் கோப்புகள் பல இணையப் பட்டியலில் வருவதே இல்லை.

படத்தையே பார்க்க வேண்டுமென்றால் பார்வைப் பிரதி இருக்கிறதா என்று கேளுங்கள். பாதுகாப்புப் பிரதியை யாருக்கும் ஓட்டிக் காட்டமாட்டார்கள். பார்வைப் பிரதி இருந்தால், சுருளை ஓட்டிப் பார்க்கும் மேசை எந்திரத்தில் நேரம் ஒதுக்கித் தருவார்கள். ஒவ்வொரு ரீலின் நீளத்தையும், எந்த வேகத்தில் பார்த்தீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தாள்களைப் படமெடுக்க அனுமதி இருந்தால், பெட்டியின் சீட்டையும் கோப்பின் மேலட்டையையும் முதலில் எடுத்துவிட்டு, பிறகு உள்ளே இருப்பவற்றை வரிசையாக எடுங்கள். தாளின் பின்பக்கத்தையும் எடுங்கள். தேதி முத்திரையும் பென்சில் குறிப்பும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். துணுக்குகளில் இதழின் பெயரும் தேதியும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். அப்படிப்பட்டதை உடனே மேற்கோளாக்காமல், பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் விளம்பரத்தையோ செய்தியையோ வைத்து எந்த நாளிதழ், எந்த வாரம் என்று குறுக்கி, மைக்ரோஃபிலிமில் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்த பிறகே பயன்படுத்துங்கள்.